காட்டு நடை: பகலிலும் இரவிலும்

இளைஞர் பயிற்சி முகாம்களில் காட்டு நடை என்பது, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு வரைபடத்தையும் திசைகாட்டியையும் துணைகொண்டு, குறித்த வழியில் காட்டைக் கடந்து திரும்பும் பயிற்சி. மலேசியாவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. கர்ட் ஹானும் லாரன்ஸ் ஹோல்ட்டும் 1941-இல் வேல்ஸின் அபர்டோவியில் தொடங்கிய அவுட்வர்ட் பவுண்ட் இயக்கம், 1950-களிலேயே பேராக் மாநிலத்தின் லூமுட்டில் ஒரு பள்ளியை அமைத்தது. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2004-இல் தொடங்கிய தேசிய சேவைப் பயிற்சி, மலாய், சீன, தமிழ் இளைஞர்களையும் சபா, சரவாக் இளைஞர்களையும் ஒரே முகாமில் தங்கவைத்தது. காட்டு நடையும் அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி. 2018-இல் கைவிடப்பட்ட அத்திட்டம் 2025-இல் 45 நாள் வடிவில் மீண்டும் தொடங்கப்பட்டது.

முகாம் அட்டவணையில் பகல் நடையும் இரவு நடையும் அடுத்தடுத்த இரு வரிகளாகவே இருக்கும். உடலைப் பொறுத்தவரை இரண்டும் வெவ்வேறு வேலைகள். பகலில் வெப்பமும் திசையும் சோதிக்கின்றன. இரவில் கண்ணும் காதும், அவை தரும் அரைகுறைச் செய்தியை வைத்து முடிவெடுக்கும் மூளையும் சோதிக்கப்படுகின்றன.

தீபகற்ப மலேசியாவின் தாழ்நிலக் காட்டில் மெராந்தி, கெருயிங், செங்கால் போன்ற மரங்கள் தரையிலிருந்து 30 முதல் 45 மீட்டர் உயரத்தில் தொடர்ச்சியான இலைக்கூரையை அமைக்கின்றன. அதையும் தாண்டித் தலைநீட்டும் மரங்கள் உண்டு. சபாவின் டானும் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு மஞ்சள் மெராந்தி 100 மீட்டரைத் தாண்டுவதாக 2019-இல் அறிவிக்கப்பட்டது. உச்சியில் விழும் சூரிய ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேர்கிறது. அதனால் முதுகாட்டின் தரையில் செடிகொடிகள் குறைவு. நடக்க இடம் கிடைக்கும். நுழையவே முடியாத முட்புதர் வேண்டுமென்றால் மரம் வெட்டப்பட்ட இடத்துக்கோ ஆற்றங்கரைக்கோ போக வேண்டும். அங்கே ஒளி தரையைத் தொடுவதால் பிரம்பும் ரெசாம் பெரணியும் மெங்குவாங் தாழையும் பின்னிக்கொண்டு வளர்கின்றன. பயிற்சிப் பாதையை வகுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். வரைபடத்தில் ஒரே பச்சையாகத் தெரியும் இரண்டு கிலோமீட்டரில் ஒன்றை ஒரு மணி நேரத்தில் கடக்கலாம், மற்றொன்றுக்கு அரைநாள் ஆகலாம்.

மலையில் நடப்பதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். புல்வெளி மலைகளுக்கு ஏற்ற அந்தக் கணக்கு வெப்பமண்டலக் காட்டில் செல்லாது. நல்ல ஒற்றையடிப் பாதையிலேயே மூட்டை சுமந்த குழு மணிக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தால் நன்று. பாதை இல்லாத இடத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. நேரத்தைத் தவறாகக் கணக்கிட்ட பகல் நடைதான், யாரும் திட்டமிடாத இரவு நடையாக முடிகிறது.

நிழலில் நடப்பதால் வெப்பம் வருத்தாது என்று புதியவர்கள் நினைப்பது இயல்பு. மர நிழலில் வெப்பநிலை திறந்த வெளியைவிடச் சில பாகை குறைவுதான். ஆனால் நடக்கும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் கால்பங்குக்கும் குறைவே இயக்கமாகிறது. மீதி முழுவதும் உடலுக்குள் வெப்பமாகத் தங்குகிறது. அதை வெளியேற்ற உடலுக்கு உள்ள முதன்மையான வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் நீங்கும். ஆவியானால் மட்டுமே நீங்கும் என்பதுதான் சிக்கல். காட்டுத் தரையில் காற்று அசைவதில்லை. ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. வியர்வை சொட்டி மண்ணில் விழுகிறது, சட்டையை நனைக்கிறது, உடலைக் குளிர்விப்பதில்லை. மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரை இழந்தும் உடல் சூடாகிக்கொண்டே போகும்.

இந்தச் சூழலுக்கு உடல் பழகிக்கொள்ளும். வெப்பத்தில் நாள்தோறும் ஓரளவு உழைத்தால் 7 முதல் 14 நாட்களுக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது, அதில் கலந்து போகும் உப்பு குறைகிறது. குளிரூட்டிய அறையிலும் தேர்வு மேசையிலும் ஆண்டு முழுதும் உட்கார்ந்திருந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, மலேசியாவில் பிறந்து வளர்ந்திருந்தாலும், இந்தப் பழக்கம் இருக்காது. முகாமுக்கு வந்த முதல் வாரத்திலேயே முழுநாள் நடைக்கு அழைத்துச் செல்வது உடலியலுக்கு எதிரான செயல். குறுகிய நடைகளில் தொடங்கி, நேரத்தையும் சுமையையும் படிப்படியாகக் கூட்டுவதுதான் சரி.

உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறியோ நடை தள்ளாடியோ போனால் அது வெப்ப வாதம். அந்த நிலையில் ஒருவர் தாம் நலமாக இருப்பதாகவே சொல்லக்கூடும். அவரை நம்பாமல் அருகில் நடப்பவர்தான் கண்டுகொள்ள வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகு தூக்கிச் செல்வது என்பதே மருத்துவ நெறி. ஆற்றில் தலை மூழ்காமல் பிடித்து அமிழ்த்துவதோ, நீரை இடைவிடாது ஊற்றி விசிறுவதோ அரை மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். நீர் குறைவதற்கு நேர்மாறான ஆபத்தும் ஒன்று உண்டு. தாகமில்லாதபோதும் பயந்து பயந்து வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, வலிப்பு வரை கொண்டுசெல்லும். தாகத்தையொட்டிக் குடித்து, இடையிடையே உப்புள்ள உணவும் எடுத்துக்கொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

பகல் நடையின் இன்னொரு சோதனை திசை. தொலைவில் தெரியும் மலையுச்சியோ கோபுரமோ இல்லாத இடத்தில் மனிதனால் நேராக நடக்க முடிவதில்லை. ஜெர்மனியின் டியூபிங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த யான் சௌமனும் சக ஆய்வாளர்களும் 2009-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். பீன்வால்ட் என்ற சமதளக் காட்டில் ஆறு பேரைப் பல மணி நேரம் நேராக நடக்கச் சொல்லி, ஜிபிஎஸ் மூலம் அவர்கள் சென்ற தடத்தைப் பதிவு செய்தார்கள். மேகமூட்டமான நாளில் நடந்த நால்வரும் வட்டமடித்தார்கள். அவர்களில் மூவர் தங்கள் பாதையைத் தாங்களே குறுக்கிட்டதைக்கூட உணரவில்லை. சூரியன் தெரிந்தபோது நடந்த இருவர் ஏறத்தாழ நேராகவே சென்றார்கள். ஒரு கால் மற்றதைவிட நீளமாக இருப்பதால்தான் இப்படி நேர்கிறது என்ற பழைய விளக்கம் அந்த ஆய்வில் நிலைக்கவில்லை; ஒரே ஆள் சில வேளை இடப்பக்கமும் சில வேளை வலப்பக்கமும் வளைந்தார். எது நேர் என்ற உள்ளுணர்வில் ஒவ்வொரு அடிக்கும் சேரும் சிறுபிழைகள் திரண்டு வளைவாகின்றன. கண்ணைக் கட்டி நடக்கவிட்டபோது அந்த வட்டங்கள் சில வேளை 20 மீட்டர் விட்டத்துக்கும் சுருங்கின.

மலேசியக் காட்டில் சூரியனும் அதிகம் உதவாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலையில் நிற்பதால் நிழலைக் கொண்டு திசையறிவது கடினம். மரத்தின் வடபக்கத்தில் பாசி படரும் என்று சாரணர் கைநூல்கள் சொல்வது குளிர்நாட்டுக்கான குறிப்பு; இங்கே எல்லாப் பக்கமும் ஈரம், எல்லாப் பக்கமும் பாசி. ஜிபிஎஸ் கருவிக்கு வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை நனைந்த இலைக்கூரையைக் கடக்கும்போது வலுவிழக்கிறது. அடிமரங்களில் பட்டுத் திரும்பும் அலைகளும் இடத்தைப் பிழையாகக் காட்டும். எளிய திசைகாட்டி மட்டும் இந்த நிலப்பகுதியில் சற்றுக் கூடுதலாகவே கைகொடுக்கிறது. உலகின் பல நாடுகளில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோணத்தைக் கூட்டியோ கழித்தோதான் வரைபடத்தைப் பயன்படுத்த முடியும். தீபகற்ப மலேசியாவில் அந்தக் கோணம் ஒரு பாகைக்கும் குறைவு. முள் காட்டும் வடக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

குழுவாக நடப்பது திசையறிவதற்கான ஒரு கருவியும்கூட. ஒருவர் திசைகாட்டியைப் பார்த்தபடி நிற்க, மற்றொருவர் கண்ணுக்கெட்டும் தூரம் முன்சென்று, அவர் சொல்வதைக் கேட்டு இடமோ வலமோ நகர்ந்து நேர்கோட்டில் நிற்கிறார். பின்னவர் அங்கே போய்ச் சேர்ந்ததும் அதே வேலை மறுபடி தொடங்குகிறது. வேறொருவர் காலடிகளை எண்ணித் தூரத்தைக் கணிக்கிறார். தனியாள் செய்யும் பிழை சேர்ந்துகொண்டே போகும். இந்த முறையில் அது ஒவ்வொரு முப்பது மீட்டருக்கும் திருத்தப்படுகிறது.

வரிசையிலும் அறிவியல் உண்டு. ஒற்றை வரிசையில் செல்லும் குழு விழுந்த மரத்தையோ ஓடையையோ கடக்கும்போது முன்னவர் கடந்துவிட்டு இயல்பான வேகத்தில் போய்விடுகிறார். பின்னால் ஒவ்வொருவராகத் தாமதமாகி, கடைசி ஆள் இடைவெளியை மூட ஓட வேண்டியிருக்கிறது. குழுவில் மிகவும் களைப்பவர் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார். மெதுவாக நடப்பவர் தாமாகவே பின்தங்கிவிடுவதால் வரிசையே அவரைத் தண்டிக்கிறது. அதனால் மெல்ல நடப்பவரை முன்வழிகாட்டிக்கு அடுத்த இடத்தில் நடக்கவிடுவதும், காட்டை நன்கறிந்த ஒருவரைக் கடைசியில் நிறுத்துவதும், தடையைக் கடந்ததும் முன்னவர் காத்து நிற்பதும், நிற்குமிடமெல்லாம் முதல் ஆள் முதல் கடைசி ஆள் வரை எண் சொல்லிச் சரிபார்ப்பதும் நடைமுறையாயின. தனியே போகிறவரை எண்ணிச் சரிபார்க்க யாரும் இல்லை. தாய்லாந்துப் பட்டுத் தொழிலை உலகறியச் செய்த ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று கேமரன் மலையில் தாம் தங்கியிருந்த பங்களாவிலிருந்து தனியே வெளியே போனார். ராணுவமும் காவல்துறையும் ஓராங் அஸ்லி பழங்குடித் தடமறிவோரும் தேடியும் இன்றுவரை அவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை.

நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் சூரியன் செங்குத்தாக அடிவானத்தில் இறங்குவதால் அந்தி மிகக் குறுகியது. கோலாலம்பூரில் ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் சூரியன் மறைகிறது. இருபது நிமிடங்கள் சொச்சத்தில் வெட்டவெளியே இருண்டுவிடும். மரங்களுக்கு அடியில் அதற்கும் முன்பே இருள் வந்துவிடுகிறது. சிள்வண்டு இனங்கள் பல இந்த நேரத்தைப் பிசகாமல் காட்டித் தருகின்றன. பொழுது சாயும் வேளையில் மட்டும் முழங்கும் பேரரசிச் சிள்வண்டின் ஒலி, முகாமிடும் இடத்தை இன்னும் தேர்ந்தெடுக்காத குழுவுக்கு எச்சரிக்கை.

இருட்டில் கண் செய்வதுதான் இரவு நடையின் மையமான பாடம். விழித்திரையில் ஒளியுணரும் செல்கள் இரு வகை. கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம். நிறமும் நுண்விவரமும் அவற்றின் பொறுப்பு, நல்ல வெளிச்சம் அவற்றுக்குத் தேவை. குச்சிச் செல்கள் சுமார் 12 கோடி. நிறம் அறியாதவை, மங்கலான ஒளியிலும் வேலை செய்பவை. குச்சிச் செல்களில் உள்ள ரொடாப்சின் என்ற நிறமிப்பொருள் வெளிச்சத்தில் சிதைந்து இருட்டில் மறுபடி உருவாகிறது. விளக்கை அணைத்த பத்து நிமிடங்களுக்குள் கூம்புச் செல்கள் தங்கள் எல்லையை எட்டிவிடுகின்றன. குச்சிச் செல்கள் முழுத்திறன் பெற முப்பது, நாற்பது நிமிடங்கள் ஆகும். இவ்வளவு பொறுமையாகச் சேர்ந்த திறனை ஒரு கைப்பேசித் திரை சில நொடிகளில் கலைத்துவிடும். இரவு நடைக்கு முன் குழுவை அரை மணி நேரம் இருளில் உட்காரவைப்பதும், கைப்பேசிகளை வாங்கி வைப்பதும் வெறும் ஒழுங்கு விதிகள் அல்ல.

குச்சிச் செல்கள் சிவப்பு ஒளியை ஏறத்தாழ உணர்வதே இல்லை. அதனால் மங்கலான சிவப்பு விளக்கில் வரைபடம் பார்த்தால் இருட்பார்வை கெடாது. ஆனால் வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் பழுப்பு நிறத்தில் இருந்தால் அவை சிவப்பொளியில் மறைந்துபோகும். காயத்தின் இரத்தமும் சரியாகத் தெரியாது. முதலுதவிப் பையில் வெள்ளை விளக்கு ஒன்று தனியாக இருக்க வேண்டும்.

விழித்திரையின் நடுப்புள்ளியில் குச்சிச் செல்களே இல்லை. இருட்டில் ஒரு பொருளை உற்றுப் பார்த்தால் அது மறைந்துவிடும். சற்றுப் பக்கமாகப் பார்வையை வைத்தால் தெரியும். வானியல் ஆர்வலர்கள் மங்கலான விண்மீன்களைப் பார்க்கக் கையாளும் இந்த உத்தியைக் காட்டில் வேர்களையும் பள்ளங்களையும் அறியப் பயன்படுத்தலாம். இருட்பார்வை எவ்வளவு பழகினாலும் கூர்மை பகலில் இருப்பதன் பத்திலொரு பங்குதான். சுற்றிலும் எதுவும் தெரியாத இருளில் அசையாத ஓர் ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால் அது நகர்வதாகவும் தோன்றும். முன்னால் செல்பவரின் முதுகில் ஒரே ஒளிர்குச்சியைக் கட்டுவதைவிட இரண்டைச் சற்று இடைவெளி விட்டுக் கட்டுவது நல்லது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அவர் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பதையும் சொல்லிவிடும்.

வைட்டமின் ஏ குறைந்தால் ரொடாப்சின் உருவாவது தடைப்படும். மாலைக்கண் நோயின் பொதுவான காரணம் இது. பரம்பரை விழித்திரைக் கோளாறுகளாலும் இரவுப் பார்வை கெடும். அப்படிப்பட்ட இளைஞர் சிலர் பகலில் எல்லோரையும்போல் நடப்பார்கள். இரவில் தடுமாறுவதைக் கோழைத்தனம் என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நடைக்கு முன் மருத்துவக் கேள்வித்தாளில் இருட்டில் பார்ப்பதில் சிரமம் உண்டா என்ற ஒரு கேள்வியைச் சேர்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

விளக்கணைத்துக் காத்திருக்கும் குழுவுக்குக் காடு சிலவற்றைக் காட்டும். மட்கும் மரத்துண்டுகளில் வளரும் மைசீனா வகைக் காளான்கள் பசுமையான ஒளியைத் தொடர்ந்து வெளியிடுகின்றன. லூசிஃபெரின் என்ற சேர்மம் நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் வினைபுரிவதால் பிறக்கும் வெப்பமற்ற ஒளி அது. அதன் அலைநீளம் சுமார் 530 நானோமீட்டர். குச்சிச் செல்கள் மிக நன்றாக உணரும் 500 நானோமீட்டர் பகுதிக்கு அருகில் இருப்பதால்தான் அவ்வளவு மங்கலாக இருந்தும் கண்ணுக்குப் படுகிறது. கோலசிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் டெரோப்டிக்ஸ் டெனெர் என்ற மின்மினி இனம் ஆயிரக்கணக்கில் கூடி ஒரே தாளத்தில் மின்னுவதைக் காண உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். தலைவிளக்கைப் போட்டால் வேறொரு காட்சி: புனுகுப்பூனை, தேவாங்கு போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால் உள்ள பிரதிபலிப்புப் படலம் ஒளியைத் திருப்பி அனுப்ப, கண்கள் மட்டும் தெரிகின்றன. தரையில் பனித்துளிபோல் மின்னுபவை பெரும்பாலும் ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள்.

பார்வை குறைந்ததும் மூளை ஒலிக்குக் கூடுதல் கவனம் தருகிறது. கூடுதல் அச்சமும் சேர்ந்தே வருகிறது. திடீர் ஒலிக்கு மனிதர் திடுக்கிடும் அளவு வெளிச்சத்தைவிட இருளில் அதிகம் என்று கிறிஸ்டியன் கிரில்லனும் சக ஆய்வாளர்களும் 1997-இல் காட்டினார்கள். பகலில் வேட்டையாடவும் உணவு தேடவும் அமைந்த ஓர் உயிரினம் இரவில் எச்சரிக்கையாக இருப்பது பிழையல்ல, பல லட்சம் ஆண்டுகளாக உயிர்காத்த ஏற்பாடு. இதை உணராத சில பயிற்றுநர்கள் இரவு நடையை வீரத் தேர்வாக்கிவிடுகிறார்கள்: பேய்க்கதை சொல்வது, புதரில் ஒளிந்து கத்துவது, சொல்லாமல் கொள்ளாமல் ஒருவரைத் தனியே விட்டுப் போவது. அஞ்சி ஓடும் கால் வேரில் தடுக்கும், சரிவில் இறங்கும். அச்சம் குறைவதற்கு நிறுவப்பட்ட வழி படிப்படியான பழக்கம்தான்: முதலில் முகாமின் விளிம்பில், அடுத்து பகலில் நடந்த அதே பாதையில், பிறகே புதிய பாதையில். பகலில் நடக்காத பாதையில் புதியவர்களை இரவில் நடத்தும் முகாம் பயிற்சி தரவில்லை. நல்லூழை நம்பி நடக்கிறது.

புலியைப் பற்றிய அச்சம் இளைஞர்களிடம் அதிகம். மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கின்றன. அவற்றைக் காண்பது அரிது. மெய்யான ஆபத்துகள் கவர்ச்சியற்றவை. காய்ந்த கிளைகள் காற்றில்லாத நேரத்திலும் விழும்; கூடாரம் அடிக்குமுன் தலைக்கு மேலே பார்ப்பது முதல் வேலை. மலையுச்சியில் பெய்யும் மழை, கீழே வெயில் அடிக்கும்போதே ஆற்றில் வெள்ளச் சுவராக வந்து இறங்கும். மலாய் மக்கள் கெபாலா ஆயர் என்று அஞ்சும் இந்தத் திடீர் வெள்ளத்துக்கு முன் நீர் கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் மாறும். கண்டதும் உடைமைகளை விட்டுவிட்டுக் கரையேறி மேட்டுக்குப் போக வேண்டும். வட மாநிலங்களின் சருகுத் தரையில் மலாயாக் குழிவிரியன் இரவில் இயங்கும். ஆள் நெருங்கினாலும் நகராது. கால்வைக்கும் இடத்தை விளக்கால் பார்த்து வைப்பதும் கணுக்காலை மூடும் காலணியும் பெருமளவு காக்கும். அட்டைக்கடி அருவருப்பு தருமே தவிரக் கேடு குறைவு. இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்துவதால் கசிவு நெடுநேரம் நிற்காது, அவ்வளவுதான்.

காட்டு நடையின் மிகக் கடுமையான விளைவு சில நேரம் முகாம் முடிந்த பிறகே தெரியவருகிறது. 2000-ஆம் ஆண்டு சபாவில் 304 பேர் கலந்துகொண்ட ஈக்கோ சேலஞ்ச் சாகசப் போட்டிக்குப் பின், விசாரிக்கப்பட்ட 189 வீரர்களில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் கண்டன. சேகாமா ஆற்றில் நீந்தியது முக்கியக் காரணம் என்று ஆய்வு காட்டியது. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் வழியே நீரிலும் சேற்றிலும் கலக்கும் லெப்டோஸ்பைரா நுண்ணுயிர், கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உடலில் நுழைகிறது. காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தொடங்கும், ஒரு மாதம்வரை தாமதிக்கவும் கூடும். குரங்குகளிடமிருந்து கொசுவழி மனிதருக்கு வரும் நோலெசி மலேரியாவும் மலேசியக் காடுகளில் உண்டு. அதன் தொடக்கமும் சாதாரணக் காய்ச்சலைப் போலவே இருக்கும். இரண்டுக்கும் மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால் குணமாகும். முகாமிலிருந்து திரும்பிய ஒரு மாதத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், காட்டில் நடந்ததையும் ஆற்றில் இறங்கியதையும் மருத்துவர் கேட்கும் முன்பே பெற்றோர் சொல்லிவிட வேண்டும்.